நாஸ்காரில் கார் ஓட்டிப் பிழைக்க வேண்டுமென்றால்

எஃப்1 பற்றித் தமிழில் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாஸ்கார் என்ற அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுவா, இடது பக்கமே வளைந்து சுற்றிக்கொண்டிருப்பார்களே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அலபாமாவின் டல்லடேகா டிராக்கில் 33 டிகிரி சாய்ந்த வளைவில் நாற்பது கார்கள் ஒன்றையொன்று உரசாத குறையாக, மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் மூன்று வரிசையாகப் போவதை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இதை ரசிப்பதோடு நிறுத்தாமல் தொழிலாகவே எடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும், அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்து என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். இந்தத் தொழிலில் நீங்கள் ஓட்டப்போவது ஏறக்குறைய எப்போதும் அடுத்தவர் காசில் நிற்கும் கார். ஆரம்பத்தில் அப்பாவின் காசு, அப்புறம் உள்ளூர் டயர் கடைக்காரர் காசு, கடைசியில் ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் காசு. வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அமெரிக்காவில் பஞ்சமே இல்லை. தன் காசை நம்பி ஒருவர் கையில் கொடுக்கலாம் என்ற பெயரை வாங்குகிறவர்கள்தான் மேலே போகிறார்கள்.

ஏணியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

நாஸ்கார் அமைப்பை 1948-ல் ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் பில் ஃப்ரான்ஸ் தொடங்கினார். கள்ளச் சாராயக் காரை மலைப்பாதையில் போலீஸுக்குச் சிக்காமல் ஓட்டிப் பழகிய ஜூனியர் ஜான்சன் மாதிரி ஆட்கள் பெயர் எடுத்த களம் அது. அப்போது ஓடியவை உண்மையிலேயே கடையில் விற்ற கார்கள். இப்போது ஓடும் காருக்கும் ஷோரூம் காருக்கும் தோற்றத்தில் மட்டும்தான் சொந்தம்.

மேலே இருப்பது கப் தொடர். அதற்குக் கீழே, 2026-லிருந்து ஓரைலி ஆட்டோ பார்ட்ஸ் தொடர் என்று பெயர் மாறிய இரண்டாம் தொடர் (அதற்கு முன் எக்ஸ்ஃபினிட்டி). அதற்கும் கீழே பிக்கப் டிரக்குகள் ஓடும் டிரக் தொடர். அடுத்த படி ஆர்கா மெனார்ட்ஸ் தொடர். அதற்கும் அடியில் ஊர் ஊராகச் சின்னச் சின்ன ஓவல் (நீள்வட்ட) டிராக்குகளில் வார இறுதிகளில் நடக்கும், லேட் மாடல் என்ற உள்ளூர் ஸ்டாக் கார்களின் பந்தயங்கள். கப் பந்தயத்தில் பொதுவாக அதிகபட்சம் 40 கார்கள்; அதில் 36 இடங்கள் சார்ட்டர் (உறுதி இடத்துக்கான உரிமம்) வைத்திருக்கும் அணிகளுக்கு ஒவ்வொரு வாரமும் உறுதி. ஆக, நாட்டிலேயே முழுநேர வேலை என்று சொல்லும்படி மேல்தட்டில் இருப்பது நாற்பதுக்கும் குறைவான இருக்கைகள்தான். இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதல் வேலை: டிராக்குக்குப் போய் டயர் உருட்டுங்கள்

வட கரோலினாவிலோ வர்ஜீனியாவிலோ இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹிக்கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி ஒரு மைல்கூட இல்லாத பழைய டிராக்குகளில் கோடை முழுக்கச் சனிக்கிழமை ராத்திரி பந்தயம் நடக்கும். மற்ற மாநிலங்களிலும் இரண்டு மூன்று மணி நேரக் கார் பயணத்தில் ஏதாவது ஒரு ஓவல் கிடைக்கும். பார்வையாளர் டிக்கெட் வாங்காதீர்கள், கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்து பிட் பாஸ் வாங்குங்கள். கார்கள் நிற்கும் இடத்துக்கே போகலாம். சின்ன அணிகளில் எப்போதும் கை பற்றாது. அழுக்கு டயரைத் துடைக்க, காற்றழுத்தம் பார்த்து எழுதி வைக்க, லேப் (ஒரு சுற்று) நேரம் குறிக்க ஒரு ஆள் சும்மா கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் பணிவாகக் கேட்க வேண்டும், அடுத்த வாரமும் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சீசன் இப்படி நின்றால் கற்றுக்கொள்வது எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. ஒரு சின்ன மோதலில் முன்பக்கம் நசுங்கினால் அதைச் சரிசெய்ய எத்தனை ராத்திரி போகிறது என்று பார்ப்பீர்கள். அதைப் பார்த்தவர் ஸ்டீயரிங் பிடிக்கும் விதமே வேறு.

பெரிய டிராக்குகளில் காசு கட்டி சில லேப் ஓட்டும் அனுபவ வகுப்புகள் இருக்கின்றன. பிறந்தநாள் பரிசுக்கு அருமையானவை. அதைத் தொழிலின் முதல் படி என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

சிமுலேட்டரை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள்

வில்லியம் பைரன் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். சார்லட்டில் வளர்ந்த பையன். வீட்டில் பந்தயப் பின்னணி கிடையாது. ஐரேசிங் என்ற சிமுலேட்டரில் ஓட்டிப் பழகி, பதினைந்து வயதுக்கு அருகில்தான் நிஜக் காரில் உட்கார்ந்தார். ஐந்து வயதில் தொடங்கிய பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அது மிகவும் தாமதம். 2017-ல் இரண்டாம் தொடரின் சாம்பியன், 2018-ல் கப் தொடர், 2024-லும் 2025-லும் அடுத்தடுத்து, நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500-ல் வெற்றி. ராஜா கரூத்தும் அதே வழியில் வந்து 2024-ல் லாஸ் வேகாஸில் டிரக் பந்தயம் வென்றார்.

ஐரேசிங்கின் டிராக்குகள் லேசரால் அளந்து உருவாக்கியவை, மேடு பள்ளம்கூட நிஜத்தில் இருக்கும் இடத்திலேயே இருக்கும். ஒரு ஸ்டீயரிங், பெடல், ஓரளவு நல்ல கணினி, சந்தா, இவற்றுக்கு ஆகும் காசு நிஜக் காரின் ஒரு மாதச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஒழுங்காகப் பழகுங்கள். ஒரே டிராக்கில், ஒரே காரில், ஐம்பது லேப் தொடர்ந்து ஓட்டி, கடைசிப் பத்து லேப்புகளின் நேரம் முதல் பத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். டயரைத் தேய்க்காமல் ஓட்டும் பழக்கம் அங்கேயே வர வேண்டும். உடம்பு உணரும் ஜி விசை, பயம், வெப்பம் ஆகியவற்றைச் சிமுலேட்டர் தராது, அது நிஜக் காரில்தான் வரும்.

சின்னக் கார்

எட்டு வயதிலிருந்து பாண்டலேரோ என்ற சின்னப் பந்தயக் கார், அதற்கு மேல் லெஜண்ட்ஸ் கார். அதற்கும் முன்னால் என்றால் ஐந்து வயதிலேயே குவார்ட்டர் மிட்ஜெட் உண்டு. லெஜண்ட்ஸ் கார் என்பது 1930-களின் கார் உருவத்தை எட்டில் ஐந்து பங்காகச் சுருக்கி, உள்ளே மோட்டார்சைக்கிள் இன்ஜின் வைத்தது. எடை குறைவு, சக்தி அதிகம், டயரில் பிடிப்பு கம்மி. அதனால்தான் அது நல்ல வாத்தியார்: பின்பக்கம் வழுக்குவதைப் பிடித்து நிறுத்தத் தெரியாதவர் அதில் ஒரு வளைவு தாண்ட மாட்டார். பழைய கார் ஒன்றை ஒரு சாதாரண செகண்ட்ஹேண்ட் கார் விலைக்கு வாங்கலாம், உதிரி பாகமும் எளிதாகக் கிடைக்கும். சார்லட் மோட்டார் ஸ்பீட்வேயில் கோடையில் வார நாட்களில் நடக்கும் சம்மர் ஷூட்அவுட் தொடருக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். பெரிய அணிகளின் ஆட்கள் அந்த ஊரைச் சுற்றியே குடியிருப்பதால் யார் கண்ணில் யார் படுவார்கள் என்று சொல்ல முடியாது.

மண் டிராக் இன்னொரு வழி. கப் ஓட்டுநர்கள் கைல் லார்சன், கிறிஸ்டோஃபர் பெல் இருவரும் மண்ணில் மிட்ஜெட், ஸ்பிரிண்ட் என்ற திறந்த சக்கரக் கார்களை ஓட்டி வந்தவர்கள். ஓக்லஹோமாவின் டல்சாவில் ஜனவரியில் கூரைக்குள் நடக்கும் சில்லி பவுல் பந்தயத்தை பெல் 2017, 2018, 2019 மூன்று ஆண்டும் வென்றார். உங்கள் ஊரில் தார் டிராக் இல்லை, மண் டிராக்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் அங்கேயே தொடங்குங்கள்.

லேட் மாடல்: இங்கேதான் ஓட்டுநர் ஆகிறீர்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கப் பலருக்கும் ஆசை, அதுவும் கையில் காசு இருக்கும் குடும்பங்களுக்கு. தயவுசெய்து செய்யாதீர்கள். லேட் மாடல் காரில்தான் நீளமான பந்தயம், டயர் சேமிப்பு, மெக்கானிக்கோடு பேசுவது எல்லாம் ஒன்றாக வரும்.

பேசுவது என்று சொன்னேனே, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கார் வளைவில் திரும்ப மறுத்து மூக்கு வெளிச்சுவரை நோக்கிப் போனால் அது டைட். பின்பக்கம் கழன்று முன்னுக்கு வரப் பார்த்தால் லூஸ். புதிதாக வருகிறவர் வந்து இறங்கி "கார் சரியில்லை" என்பார். அதை வைத்துக்கொண்டு க்ரூ சீஃப் (காரைத் தயார் செய்யும் குழுவின் தலைவர்) என்ன செய்வார்? நீங்கள் சொல்ல வேண்டியது இப்படி: "உள்ளே நுழையும்போது சரியாக இருக்கிறது, நடுவில் டைட், நான் அதற்காக ஸ்டீயரிங்கைக் கூடுதலாகத் திருப்புவதால் வெளியேறும்போது லூஸ் ஆகிறது, பதினைந்தாவது லேப்புக்கு மேல்தான் இப்படி." இப்போது அவருக்குப் புரியும், உண்மையான நோய் நடுவளைவு டைட், வெளியே வரும் லூஸ் அதன் பின்விளைவு என்று. காற்றழுத்தத்தை அரை பவுண்டு மாற்றலாம், வெட்ஜ் போல்ட்டைத் திருகி குறுக்கு எடையை (வலது முன், இடது பின் சக்கரங்கள் மேல் விழும் எடை) குறைக்கலாம், வலது டயருக்கும் இடது டயருக்கும் உள்ள சுற்றளவு வித்தியாசத்தைக் கூட்டலாம். எதை மாற்றினார், மாற்றியபின் என்ன உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்ய விடாதீர்கள், எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அடுத்தது பொறுமை. 150, 200 லேப் பந்தயத்தில் முதல் முப்பது லேப்பில் முன்னால் பாய்ந்து டயரைத் தீய்த்துவிட்டு, கடைசியில் ஒவ்வொருவராக முந்திப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களை எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம். வலது பின்டயர்தான் உங்கள் சேமிப்புக் கணக்கு. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி அதைக் காப்பாற்றுங்கள்.

ஸ்பாட்டர் சொல்வதைக் கேட்கப் பழகுவதும் இங்கேதான். பார்வையாளர் மாடத்தின் கூரை மேல் நின்று ரேடியோவில் "உள்ளே ஒரு கார்", "வெளியே ஒரு கார்", "தாண்டியாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் அவர். தலையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும் அந்தச் சீட்டில் பக்கத்துக் காரை உங்களால் சரியாகப் பார்க்க முடியாது, உங்கள் கண் அவர்தான். பந்தயம் தோற்ற கோபத்தில் ரேடியோவில் அவரைத் திட்டாதீர்கள். ஒரே அலைவரிசையை எத்தனையோ பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அடுத்த வாரம் உங்களுக்குக் கார் கொடுக்க யோசிக்கும் ஆள் உட்பட.

இந்தப் படியில் எவ்வளவு காலம்? ஜாஷ் பெரியைப் பாருங்கள். டென்னஸியில் வங்கியில் காசாளராக வேலை பார்த்தவர். ஐரேசிங் வழியாக, பிரபல ஓட்டுநரும் அணி உரிமையாளருமான டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரின் அறிமுகம் கிடைத்து அவருடைய லேட் மாடல் காரை ஓட்டத் தொடங்கினார், பத்து ஆண்டு அதையே ஓட்டினார். 2020-ல் நாஸ்காரின் உள்ளூர் டிராக்குகளுக்கான தேசிய சாம்பியன். 2024-ல்தான், முப்பது வயதைத் தாண்டி, கப் தொடரில் முழுநேர இடம். 2025 மார்ச்சில் லாஸ் வேகாஸில் கப் பந்தயமே வென்றார். பதினாறு வயதில் டிரக் ஓட்டவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஊரில் ஓரளவு ஜெயித்துவிட்டீர்கள் என்றால், டிசம்பரில் ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் நடக்கும் ஸ்னோபால் டர்பிக்குப் போங்கள். 300 லேப். கப் ஓட்டுநர்கள்கூட வந்து ஓட்டும் பந்தயம். அங்கே தகுதிச் சுற்றைத் தாண்டி உள்ளே வந்தாலே பெயர் பரவும்.

காசு விஷயம்

ஆர்காவிலிருந்து மேலே போகப் போக செலவு பயமுறுத்தும். ஒரு டிரக் சீசனை ஒழுங்கான அணியில் ஓட்ட லட்சக்கணக்கில் இல்லை, மில்லியன் கணக்கில் டாலர் வேண்டும். அதை அணி போடாது, பெரும்பாலும் ஓட்டுநர்தான் ஸ்பான்சரோடு வர வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். திறமையான எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஆனால் விளையாட்டு இப்படித்தான் நடக்கிறது, அதனால் பதினான்கு வயதிலிருந்தே விற்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

விற்பது என்றால் காரில் ஸ்டிக்கர் ஒட்ட இடம் தருவது மட்டும் இல்லை. உள்ளூர் ஏசி கம்பெனியிடம் போகும்போது, "எனக்கு உதவுங்கள்" என்று கேட்காமல், அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொண்டு போங்கள்: எத்தனை பந்தயம், எந்த ஊர்கள், அவர்களுடைய வாடிக்கையாளர்களை பிட்டுக்குள் அழைத்து வருவீர்களா, கடை வாசலில் ஒருநாள் காரைக் கொண்டுவந்து நிறுத்துவீர்களா. சீசன் முடிந்ததும் என்ன நடந்தது என்று அறிக்கை அனுப்புங்கள். இருநூறு டாலர் கொடுத்தவருக்கும் கையெழுத்துப் போட்ட படம் ஒன்று போகட்டும். கப் ஓட்டுநர் ராஸ் சாஸ்டெயினின் குடும்பம் ஃப்ளோரிடாவில் தலைமுறை தலைமுறையாகத் தர்பூசணி விவசாயம். அவர் மேலே வந்தது தர்பூசணி வியாபாரத்தில் இருந்தவர்களின் சின்னச் சின்ன ஆதரவில்தான். இன்றும் ஜெயித்தால் கார் மேல் ஏறி ஒரு தர்பூசணியைத் தரையில் போட்டு உடைக்கிறார்.

காசில்லாமல் போக வழியே இல்லையா? கொஞ்சம் உண்டு. டொயோட்டா, ஷெவ்ரலே, ஃபோர்டு மூன்றும் இளம் ஓட்டுநர்களை வளர்க்கின்றன. சிறுபான்மை இனத்தவர், பெண்களுக்காக 2004-ல் டிரைவ் ஃபார் டைவர்சிட்டி என்ற பெயரில் நாஸ்கார் தொடங்கிய திட்டமும் உண்டு. கைல் லார்சன், பப்பா வாலஸ், டேனியல் சுவாரெஸ் மூவரும் அதில் வந்தவர்கள். அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம். அங்கேயும் ஓட்டிக் காட்டிய வரலாறு வேண்டும், வெறும் ஆசையைப் பார்த்து எடுக்க மாட்டார்கள்.

வயது, அனுமதி

டிரக் தொடரில் சின்ன டிராக்குகளுக்கு 16 வயது. டேடோனா மாதிரி பெரிய டிராக்குகளுக்கும் கப் தொடருக்கும் 18. காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸ் இல்லை இது. நீங்கள் எங்கே, என்ன ஓட்டினீர்கள், எத்தனை முடித்தீர்கள் என்ற பட்டியலை நாஸ்கார் பார்த்து, டிராக் வகைக்கு டிராக் வகை தனித்தனியாக அனுமதி தரும். முதலில் சின்ன ஓவல், அப்புறம் ஒன்றரை மைல், கடைசியில் டேடோனா, டல்லடேகா. ஆர்கா அணிகள் ஜனவரியில் டேடோனாவில் நடத்தும் சோதனை ஓட்டம் அதற்கு ஒரு வாசல். அந்தப் பட்டியலில் "மோதி வெளியேறினார்" என்பது அதிகம் இருந்தால் எந்த ஸ்பான்சரும் காப்பாற்ற முடியாது. போதைப்பொருள் சோதனை எந்த நேரத்திலும் வரும்.

உடம்பும் உயிரும்

காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மூன்று நான்கு மணி நேரம், கோகோ-கோலா 600 பந்தயம் என்றால் 400 லேப். வியர்வையில் மட்டும் சில கிலோ எடை போகும். ஓட்டம், சைக்கிள், கழுத்துக்கான பயிற்சி, இவற்றோடு வெயிலில் பழகுவதும் சேர வேண்டும்.

2001 டேடோனா 500-ன் கடைசி லேப்பில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். ஏழு முறை சாம்பியன். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே மாதிரி ஆடம் பெட்டி உட்பட மூன்று பேரை இழந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தலையையும் கழுத்தையும் பிடித்து வைக்கும் ஹான்ஸ் சாதனம் கட்டாயமானது, அதிர்ச்சியை உள்வாங்கும் சேஃபர் சுவர்கள் வந்தன. அன்றிலிருந்து மூன்று தேசியத் தொடர்களின் பந்தயங்களிலும் ஓர் ஓட்டுநர்கூட இறக்கவில்லை. உள்ளூர் டிராக்கில் அந்தச் சுவர் இருக்காது. ஆகவே உங்கள் முதல் காசு இன்ஜினுக்குப் போக வேண்டாம். நல்ல சீட், ஹெல்மெட், ஹான்ஸ், தீப்பிடிக்காத உடை, இவை வாங்கிய பிறகு மிச்சம் இருந்தால் இன்ஜின். பழைய ஹெல்மெட்டை இரவல் வாங்காதீர்கள், அது முன்னால் எதில் மோதியது என்று யாருக்கும் தெரியாது.

தலையில் அடிபட்டால் மறைக்காதீர்கள். டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 2016-ல் பாதி சீசனை அதற்காக விட்டார். கர்ட் புஷ், முன்னாள் சாம்பியன், 2022-ல் பொகோனோ தகுதிச் சுற்றில் மோதியபின் கப் தொடருக்குத் திரும்பவே இல்லை. அவர்களாலேயே ஓட்டாமல் உட்கார முடிந்தது என்றால் பதினாறு வயதுப் பிள்ளை ஒரு மாதம் உட்காரலாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

இந்தியாவில் ஸ்டாக் கார் ஓவல் பந்தயம் கிடையாது. கோவை கரி ஸ்பீட்வேயிலும் சென்னை இருங்காட்டுக்கோட்டையிலும் கார்ட்டிங், ஃபார்முலா என்று தொடங்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வர முடியும். நரேன் கார்த்திகேயன் 2010-ல் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயத்திலேயே 13-வது இடம், அந்த ஆண்டு அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான். எஃப்1 ஓட்டிவிட்டு வந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் வேலை செய்யும் விசாவுக்கு, அதாவது பி-1 (P-1) அல்லது ஓ-1 (O-1) வகைக்கு, பேர் சொல்லும்படி சர்வதேச வெற்றிகள் வேண்டும். அதனால் நாஸ்காரின் ஐரோப்பியத் தொடரிலோ, மெக்சிகோ, கனடா தொடர்களிலோ ஓட்டி ஒரு பட்டியல் சேர்த்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். சுவாரெஸ் மெக்சிகோ தொடரிலிருந்து போய், 2016-ல் இரண்டாம் தொடரின் சாம்பியன் ஆனார். நாஸ்கார் தேசியத் தொடர் ஒன்றில் வெளிநாட்டில் பிறந்தவர் ஒருவர் சாம்பியன் ஆனது அதுவே முதல் முறை.

நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் 2023-ல் சிகாகோ தெருப் பந்தயத்தில் தன் முதல் கப் ஓட்டத்திலேயே ஜெயித்தார். 1963-க்குப் பிறகு யாரும் செய்யாதது. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த ஆண்டு இரண்டாம் தொடரில் இறங்கி ஓவல் பழகினார். மூன்று முறை ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் சாம்பியன் அவர்.

ஒப்பந்தம் வரும் நாளில்

கையெழுத்துப் போடும் முன் மோட்டார் பந்தய ஒப்பந்தம் பார்த்துப் பழகிய வக்கீலிடம் காட்டுங்கள், குடும்ப நண்பரான வீட்டுப் பத்திர வக்கீலிடம் இல்லை. கேட்க வேண்டியவை: சம்பளம் எவ்வளவு, பரிசுப் பணத்தில் பங்கு எவ்வளவு, பொம்மைக் கார், டி-சர்ட் விற்பனையில் உங்கள் பெயருக்கு என்ன கிடைக்கும், காரை நொறுக்கினால் செலவு யார் தலையில், நீங்கள் கொண்டுவந்த ஸ்பான்சர் நடுவில் விலகினால் உங்கள் இருக்கை என்ன ஆகும், வேறு அணியோடு பேச எந்த மாதத்திலிருந்து அனுமதி, பொழுதுபோக்குக்காக மண் டிராக்கில் ஓட்டலாமா. கார் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பு என்ற வரி கீழ்ப்படி ஒப்பந்தங்களில் சர்வசாதாரணமாக இருக்கும். அதற்கு ஓர் உச்சவரம்பு எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒப்பந்தம் வராவிட்டால் மூர்ஸ்வில்லுக்குக் குடிபோங்கள். சார்லட்டுக்கு வடக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரிலும் பக்கத்து கான்கார்டிலும் அணிகளின் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. மெக்கானிக், டயர் ஆள், ஸ்பாட்டர் என்று ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்து வார இறுதியில் லேட் மாடல் ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லாத ஒரு வெள்ளிக்கிழமை, அணிக்காரர் முதலில் திரும்பிப் பார்ப்பது பட்டறைக்குள் ஏற்கெனவே நிற்கிற, ஹெல்மெட்டும் அனுமதிக் கடிதமும் தயாராக வைத்திருக்கிற ஆளைத்தான்.